வேலை வாங்குவது எப்படி: சைட்டில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

சிங்கப்பூரில் வீடு, கடை, அலுவலகம் புதுப்பிக்கும் தொழிலுக்குக் கைவேலைக்காக வந்து, சில வருடங்களில் சூப்பர்வைசராக உயர்ந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொறுப்பு கிடைத்த புதிதில் அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, வேலை செய்யத் தெரியுது. வேலை வாங்கத்தான் தெரியல." கம்பெனி பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பும், வரைபடம் படிக்கச் சொல்லித்தரும். ஆனால் டைல்ஸ் ஆள் சொன்ன நாளில் வராவிட்டால் என்ன செய்வது, டார்மிட்டரியில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவனிடம் காலையில் எப்படி வேலை சொல்வது என்பதற்கெல்லாம் வகுப்பு கிடையாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வீவக (எச்டிபி) என்னும் அரசு அடுக்குமாடி வீடுகளிலும், கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடி வீடுகளிலும் புதுப்பிப்பு வேலைகளை ஒருங்கிணைப்பது என் தொழில். அதனால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும். நீங்கள் ஏசி கம்பெனியில் இருந்தாலும் கப்பல் பட்டறையில் இருந்தாலும் முறை பெரிதாக மாறாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சைட்டில் நாள் வீணாவது பெரும்பாலும் யாரோ சோம்பேறியாக இருப்பதால் இல்லை. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடத்தில்தான் நாள் போகிறது. ஒரு குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டைல்ஸை உடைக்க ஒருவர், பைப் போட பிளம்பர், தரைக்குச் சிமெண்ட் பூசி வாட்டர்புரூஃபிங் அடிக்க ஒருவர், டைல்ஸ் ஒட்ட ஒருவர், கண்ணாடித் தடுப்புக்கு அளவெடுக்க ஒருவர். ஒவ்வொருவரும் கை வைக்கும் நாட்களை மட்டும் கூட்டினால் பத்து நாளுக்குள் அடங்கிவிடும். அதே குளியலறை ஒரு மாதம் இழுப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிளம்பர் செவ்வாய் மதியமே முடித்துவிட்டுப் போயிருப்பார், வாட்டர்புரூஃபிங் ஆளுக்கு அது வெள்ளிக்கிழமைதான் தெரியும். அந்த மூன்று நாளும் யாருடைய கணக்கிலும் வராது. உங்கள் கணக்கில்தான் வரும். சூப்பர்வைசரின் வேலையே அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்வதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நாள் போடும் முறை

ஒப்படைக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பெரிய தாளில் கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் "சாவி" என்று எழுதுங்கள். எக்செல் தெரிந்தால் அதிலேயே போடலாம், தெரியாவிட்டால் தாள் போதும். இதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

அடுத்து, யாராலும் நகர்த்த முடியாத நாட்களை முதலில் கட்டத்தில் குறித்துவிடுங்கள். வீவக வீடு என்றால் விதிகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். புதுப்பிப்பு வேலை திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான். ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. உடைப்பது, டைல்ஸ் வெட்டுவது, தொடர்ந்து துளை போடுவது போன்ற சத்தமான வேலை வார நாட்களில் மட்டும், 9 மணியிலிருந்து 5 மணி வரை. சனிக்கிழமை சத்தம் கூடாது, பெரிய பண்டிகைகளுக்கு முந்தின நாளும் கூடாது. பழைய வீட்டுக்கு அனுமதி ஒரு மாதம், புதிய வீட்டுக்கு மூன்று மாதம். புதிய வீடாக இருந்தால், கட்டடம் முடிந்து மூன்று வருடம் ஆகும்வரை குளியலறையின் தரை, சுவர் டைல்ஸை உடைக்கவே முடியாது. கொண்டோவில் நிர்வாகத்துக்கு நிர்வாகம் விதி மாறும். முன்பணம், லிஃப்டுக்குப் பாதுகாப்புப் பலகை, சனிக்கிழமை எத்தனை மணி வரை என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இந்த விதிகளை வெறும் தடையாகப் பார்க்காமல் வேலையை அடுக்கப் பயன்படுத்துங்கள். சனிக்கிழமை டைல்ஸ் ஆளைச் சும்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஓரத்துக்கு வரும் வெட்டுத் துண்டுகளை எல்லாம் வெள்ளிக்கிழமை 5 மணிக்குள் அளவெடுத்து வெட்டி, எந்தச் சுவருக்கு எது என்று பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஒட்டுவதும் டைல்ஸ் இடுக்கில் கிரவுட் பூசி நிரப்புவதும் மட்டும். சத்தமே இல்லாமல் ஒரு முழு நாள் வேலை நடக்கும். அதே மாதிரி ஞாயிற்றுக்கிழமையைக் காத்திருக்கும் வேலைக்குக் கொடுங்கள். வாட்டர்புரூஃபிங் காய்ந்த பிறகு தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். சனி மாலை தண்ணீரைக் கட்டிவிட்டால் திங்கள் காலை கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் வீட்டுக் கூரையைப் பார்த்துவிடலாம். கீழ் வீட்டுக்காரரிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவையுங்கள். திங்கள் காலை வாசலில் போய் நின்று மணியடிப்பது மரியாதை இல்லை.

சீனப் புத்தாண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொது விடுமுறை இரண்டு நாள்தான். ஆனால் சீன ஒப்பந்தக்காரர்கள் பலர் ஒரு வாரத்துக்கும் மேலே கடையைச் சாத்துவார்கள், அதற்கு முந்தின இரண்டு வாரம் எல்லா வீட்டுக்காரர்களும் "புத்தாண்டுக்குள் முடியணும்" என்று நிற்பார்கள். அலமாரிகள் பெரும்பாலும் மலேசியாவின் ஜொகூர் பக்கத் தொழிற்சாலைகளில்தான் செய்யப்படுகின்றன. ஆகவே நோன்புப் பெருநாளுக்கு அங்கே எத்தனை நாள் மூடுகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். நீண்ட வார இறுதிக்கு முந்தின நாள் உட்லண்ட்ஸ் பாலத்தில் லாரி மாட்டிக்கொண்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நாளில் சாமான் வருவதாகத் திட்டமே போடாதீர்கள். நம் ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகக் கேட்பார்கள். ஆறு வாரம் முன்பே யார் யார் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டால் கடைசி நேரத்தில் முகம் கோண வேண்டியிராது.

இப்போது மீதிக் கட்டங்களில் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும்: இது தொடங்க யார் முடித்திருக்க வேண்டும்? இது முடிவதற்காக யார் காத்திருக்கிறார்? 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி தன் ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய கிரிட்டிகல் பாத் முறையின் அடிப்படையும் இதுதான். எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் கடைசித் தேதியும் ஒரு நாள் தள்ளுமோ, அந்த வேலைகளின் வரிசையைத் தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அது. வீட்டு வேலையில் அந்த வரிசை பெரும்பாலும் இப்படித்தான் போகும்: உடைப்பு, பைப், தரை, டைல்ஸ், அலமாரிக்கு அளவு, தொழிற்சாலை, அலமாரி பொருத்துதல், அதன் மேல் வைக்கும் கல்லுக்கு அளவு, கல், கடைசியாக சிங்க் இணைப்பு. அலமாரி தயாராக மூன்று நான்கு வாரம் ஆகும். மேல் கல்லுக்கு அலமாரி நின்ற பிறகுதான் அளவெடுக்க முடியும், அதற்கு இன்னும் ஒரு வாரம் பத்து நாள். சிவப்பு மையில் இந்த வரிசையைக் கோடு போட்டு இணையுங்கள்.

அந்தச் சிவப்புக் கோடு எதற்கு உதவும் என்றால், எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லிவிடும். பெயிண்டர் இரண்டு நாள் தாமதம் என்றால் சரி, வேறு வேலையை உள்ளே இழுங்கள். அலமாரிக்கு அளவெடுக்க வருவது ஒரு நாள் தள்ளிப்போகிறது என்றால் அன்று மாலைக்குள் வேறு வழி கண்டுபிடியுங்கள். புதிதாக வந்தவர்கள் எல்லாத் தாமதத்துக்கும் ஒரே குரலில் கத்துவார்கள். இரண்டு வாரத்தில் அந்தக் குரலை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

காலைப் பத்து நிமிடம்

வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்திப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கைக் கையெழுத்து வாங்கும் சடங்காக ஆக்கிவிடாதீர்கள். பாதுகாப்புக் குறிப்பு சொல்லி முடித்ததும் இன்றைய வேலையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். பங்களாதேஷ் தம்பியும் ஆட்டுவார், மியன்மார் தம்பியும் ஆட்டுவார், நம் ஆளும் ஆட்டுவார். அதனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "முதல்ல எந்தச் சுவரை எடுப்பீங்க?" "அந்தச் சுவருல எதைத் தொடக் கூடாது?" என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்பேன். அவர் கை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டுவது தவறாக இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம், ஒரு பைசா செலவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பவரிடம் கடைசியாகக் கேளுங்கள். மற்றவர்கள் சொன்னதைக் கேட்டிருப்பார், துணிந்து காட்டுவார்.

நான்கு மொழி பேசும் இடத்தில் சுவர்தான் பொதுவான தாள். வேலை தொடங்கும் முதல் நாளே லேசர் வைத்து, எல்லா அறையிலும் சுவரைச் சுற்றி 1 மீட்டர் கோடு அடியுங்கள். எல்லா ஆட்களும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எலக்ட்ரீசியன் உடைத்த தரையிலிருந்து 1,100 மில்லிமீட்டர் அளந்து ஸ்விட்ச் பெட்டி வைப்பார். பிறகு தரையில் சிமெண்டும் டைல்ஸும் ஏறும். அலமாரிக்காரர் டைல்ஸ் மேலிருந்து 1,100 அளப்பார். இருவரும் தங்கள் வரைபடப்படி சரியாகத்தான் செய்திருப்பார்கள், ஆனால் பெட்டியின் அடிப்பக்கம் அலமாரிக்குள் போய்விடும். இரண்டு பேருக்கும் ஒரே கோடு இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. தரை எவ்வளவு உயரும் என்பதையும் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஸ்விட்ச் இடம், தண்ணீர் பாயிண்ட், எந்தச் சுவரைத் தொடக் கூடாது என்பது எல்லாம் மார்க்கரில் சுவரிலேயே இருக்கட்டும். வரைபடம் மாறினால் பழைய குறியை அடித்துவிட்டுத் தேதி போட்டுப் புதிதாக எழுதுங்கள். பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள். சைட்டில் இரண்டு வரைபடம் கிடந்தால் யாராவது ஒருவர் பழையதைத்தான் எடுப்பார்.

நேற்றுவரை கூட நின்றவர்கள்

இதுதான் பலருக்கும் கஷ்டமான பகுதி. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட ஆட்களுக்கு நீங்கள் இப்போது வேலை சொல்ல வேண்டும். அவர்களில் உங்களைவிட மூத்த கொத்தனார் அண்ணன் இருப்பார். உங்களுக்கு முதன்முதலில் கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். திடீரென்று குரலை மாற்றினால் அவர் மனசு விட்டுப்போகும். மாற்றாமலே இருந்தால் வேலை நடக்காது.

அண்ணனை அண்ணன் என்றே கூப்பிடுங்கள். என்ன முடிய வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவரிடம் கேளுங்கள். "அண்ணே, இந்தத் தரை வியாழக்கிழமைக்குள்ள வேணும். தண்ணி ஓட்டம் வாசப்பக்கம் வந்துடக் கூடாது. நீங்க எப்படி எடுப்பீங்க?" தரம் பற்றியும் நாள் பற்றியும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய அனுபவத்துக்கும் இடம் இருக்கிறது. குறை சொல்ல வேண்டியிருந்தால் மாடிப்படிப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லுங்கள். நன்றாகச் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அதையும் பொதுவாக "நல்லா பண்ணீங்க" என்று சொல்லாமல், "அந்த மூலை டைல்ஸ் சேர்ந்த இடத்தைப் பாருங்க, கோடு எங்க இருக்குன்னே தெரியல" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

நட்பை எங்கே காட்டக் கூடாது என்றால், ஓவர்டைமிலும் உடைசல் தூக்குவதிலும். ஆட்களுக்குள் கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ஊர்க்காரனுக்கு ஓவர்டைம், மற்றவனுக்கு உடைசல் மூட்டை என்று ஒரு முறை நடந்தால் போதும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதிலும் நம்பிக்கை இருக்காது. உடைசல் தூக்கும் முறையைப் பெயர் போட்டுச் சுவரில் எழுதுங்கள். உங்கள் நெருங்கிய நண்பன் பெயரை முதல் நாளில் போடுங்கள், அதற்கு முன் அவனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். உண்மையான நண்பன் என்றால் புரிந்துகொள்வான். யார் எத்தனை மணி நேரம் கூடுதலாக நின்றார்கள் என்பதை அன்றன்றைக்கே எழுதி, அவரவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வேலைச் சட்டப்படி ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், மாதத்துக்கு 72 மணி நேரம்தான் அதிகபட்சம். உங்கள் நோட்டில் எழுதாமல் விட்ட அரை மணி நேரம், ஊரில் யாரோ ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பணம்.

இன்னொன்று, கெட்ட செய்தி உங்கள் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஈசூனில் ஒரு வீட்டுச் சமையலறையில் அலமாரிக்குத் துளை போட்ட தம்பி ஒருவர் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டார். முதலில் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம், அடுத்த நொடி முகத்தில் தண்ணீர். அவர் துளைக் கருவியைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, வாசலுக்கு வெளியே ஓடி மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த வால்வை மூடினார், அப்புறம் எனக்கு அடித்தார். நான் போனபோது நனைந்த சட்டையோடு நின்றார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கே மற்ற ஆட்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள். "பிளக்கை முதல்ல பிடுங்கினியே, அதுதான் சரி. எங்களுக்கு உடனே சொன்னதும் சரி" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். பிளம்பரைக் கூப்பிட்டோம், ஈரத்தைத் துடைத்தோம், வீட்டுக்காரருக்கு நானே போன் செய்தேன். துளை போடும் முன் சுவரைப் பார்க்கும் கருவியை ஏன் எடுக்கவில்லை என்று அடுத்த நாள் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசினேன். கருவி வேறு சைட்டில் இருந்தது. அன்றைக்கே இன்னொன்று வாங்கினோம். அன்று நான் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டியிருந்தால், அடுத்த முறை குழாய் உடைந்தால் யாரோ அதன் மேல் சிமெண்டை அப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ஏதாவது நடந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், "யார் பண்ணது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இப்ப எப்படி இருக்கு? யாருக்காவது அடிபட்டதா? அடுத்து என்ன செய்யலாம்?" இந்த வரிசையில் கேளுங்கள். காரணத்தை மறுநாள் நிதானமாகத் தேடலாம்.

வெளியாட்களும் வீட்டுக்காரரும்

சப்கான்ட்ராக்டர் உங்கள் கம்பெனி ஆள் இல்லை. அவருக்கு ஒரே நாளில் மூன்று சைட் இருக்கும். எந்த சைட் தயாராக இருக்கிறதோ, எங்கே போனால் வேலை முடிந்து பணம் வருமோ, அங்கேதான் போவார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். உங்கள் சைட் தயாராக இருக்கிறது என்று அவருக்கு நம்பிக்கை வரவைப்பதுதான் வழி.

"எப்ப வருவீங்க அங்கிள்?" என்று கேட்டால் "நாளைக்கு, நாளைக்கு" என்றுதான் பதில் வரும். சாமானைப் பற்றிக் கேளுங்கள். பலகை வந்துவிட்டதா? கீல் எந்த பிராண்ட், கையில் இருக்கிறதா? லாரி யாருடையது? எத்தனை ஆள்? சாமான் இன்னும் வரவில்லை என்றால் அந்த "நாளைக்கு" வரவே வராது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், திட்டத்தை மாற்ற நேரம் இருக்கும். ஒரு வாரம் முன்பு ஒரு போன், இரண்டு நாள் முன்பு ஒரு போன், முந்தின நாள் மாலை ஒரு செய்தி. அந்தக் கடைசிச் செய்தியை நான் இப்படி எழுதுவேன். சீன அங்கிளுக்கு ஆங்கிலத்தில் அனுப்பினாலும் உள்ளடக்கம் இதுதான்:

"நாளை செவ்வாய் காலை 9:30. 12ஆம் மாடி. லிஃப்டுக்குப் பலகை போட்டாச்சு. லாரி நிறுத்த கீழே இறக்குமிடம், 9:30லிருந்து 10:30 வரை. சமையலறை காலியாக இருக்கு, கரண்ட் இருக்கு. நாளைக்கு முடிய வேண்டியது: கீழ் அலமாரி முழுவதும், மட்டம் பார்த்து. புதன் காலை 10 மணிக்குக் கல்லுக்கு அளவெடுக்க வருகிறார்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தனக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஆள் நடந்துகொள்ளும் விதம் மாறும். அப்புறம், செய்தியைக் குழுவில் போட்டுவிட்டு இரண்டு நீல டிக் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அவர் "சரி" என்று எழுதும்வரை அது சொல்லப்பட்ட செய்தி இல்லை. வேலை முடித்தவரின் பில்லை ஆபீஸுக்கு உடனே தள்ளிவிடுவதும் உங்கள் வேலைதான். பணம் தாமதமாகும் என்று தெரிந்தால் ஒளிக்காமல் எந்தத் தேதி என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் பக்கம் வந்தால், மாற்றம் கேட்காத வீட்டுக்காரர் இல்லை. அவருடைய வீடு, கேட்க அவருக்கு உரிமை உண்டு. பிரச்சினை என்னவென்றால் அவர் அதைத் தரையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளிடம் கேட்பார், அந்த ஆளும் பாவம் தலையாட்டிவிடுவார். ஆட்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: "சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன் சார்." பிறகு அன்று மாலையே நீங்கள் வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்: என்ன மாற்றம், எத்தனை நாள் கூடும், எவ்வளவு பணம் கூடும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். எத்தனை நாள் கூடும் என்பதை முதலில் எழுதுங்கள், பணத்தை அடுத்து எழுதுங்கள். "படுக்கை அறை ஸ்விட்சை மறுபக்கம் மாற்றினால் சுவரை மறுபடி வெட்ட வேண்டும், வெட்டுவது வார நாளில்தான் முடியும், ஆகவே பெயிண்ட் திங்களிலிருந்து வியாழனுக்குப் போகும்" என்று படித்தால் பலர் தாங்களாகவே யோசித்து முடிவெடுப்பார்கள். வாயால் சொன்ன மாற்றத்துக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

வெயில், மின்னல், உயரம்

இதைத் திட்டத்துக்கு வெளியே வைக்காதீர்கள், கட்டங்களுக்குள்ளேயே எழுதுங்கள். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த நடைமுறைப்படி, வெளியே கடும் உழைப்பில் இருப்பவர்களுக்கு டபிள்யூபிஜிடி என்னும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். 33ஐத் தொட்டால் 15 நிமிடம். அப்படியென்றால் மொட்டைமாடி வேலையை மதியம் 1 மணிக்குப் போட்டு, முழு மணி நேரக் கணக்கில் நாள் கணக்கிட்டால் அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே தவறு. வெளி வேலையைக் காலைக்குக் கொண்டுவாருங்கள். மின்னல் அபாயம் அதிகம் என்று சொல்லும் கேட் 1 (Cat 1) எச்சரிக்கை வந்தால் வெளியே எல்லாரும் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏணியைத் தொட விடாதீர்கள். சீட்டுக்கு ஆகும் நேரத்தை முந்தின நாளே கணக்கில் சேருங்கள். அவசரத்தில் ஒருவரை மேலே ஏற்றிவிட்டு அவர் வீட்டுக்குப் போன் செய்யும் நிலை எந்த சூப்பர்வைசருக்கும் வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, முதலாளி நேரில் வந்து அழுத்தினாலும் நிறுத்துங்கள்.

கடைசி வாரம்

வீட்டுக்காரர் குறை கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடியுங்கள். மாலை இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத பட்டி மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். டைல்ஸைச் சின்னக் கம்பியால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். ஒவ்வொரு குழாயையும் திறங்கள், ஒவ்வொரு ஸ்விட்சையும் போடுங்கள், ஒவ்வொரு இழுப்பறையையும் முழுதாக இழுங்கள்.

எடுத்த குறைகளை அறை வாரியாக எழுதினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வேலைக்கு உதவாது. ஆள் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். பெயிண்டருக்கு உரியது ஒரு தாள், அலமாரிக்காரருக்கு உரியது ஒரு தாள், எலக்ட்ரீசியனுக்கு ஒரு தாள். ஒவ்வொருவரும் ஒரே முறை வந்து தன் தாளை முடித்துவிட்டுப் போகலாம். பெயிண்டரை எல்லாருக்கும் கடைசியில் கூப்பிடுங்கள். இல்லையென்றால் அலமாரிக்காரர் உரசிய இடத்துக்கு அவர் மறுபடி வர வேண்டியிருக்கும். குறை இருக்கும் இடத்தில் நீல ஒட்டுநாடா ஒட்டி எண் போடுங்கள். நாடாவைக் கழற்றும் உரிமை உங்களுக்கு மட்டும். ஆட்கள் தாங்களே கழற்ற ஆரம்பித்தால் எது முடிந்தது, எது விழுந்தது என்று தெரியாது.

சுவரை மூடும் முன் எடுத்த குழாய், வயர் படங்களை அளவுநாடாவோடு எடுத்திருந்தால் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அவர் ஒரு படம் மாட்ட ஆணி அடித்தாலும் பயன்படும். உங்கள் பங்குக்கு, முதலில் போட்ட கட்டத் தாளை எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று வேறு மையில் எழுதி வையுங்கள். டைல்ஸ் நான்கு நாள் என்று போட்டு ஆறு ஆகியிருந்தால், அந்த இரண்டு நாள் எங்கே போனது என்றும் ஒரு வரி எழுதுங்கள்: சாமான் வரவில்லையா, முன்னால் இருந்தவர் முடிக்கவில்லையா, அளவு தவறா. அடுத்த வீட்டுக்கு முதலாளி "எத்தனை நாளில் முடிப்பாய்?" என்று கேட்கும்போது அந்தத் தாளைப் பார்த்து நாள் சொல்லுங்கள்.